“நகல் எடுத்து வைக்கவில்லையா?”

ஆய்வாளர் ஒருவரின் வன்தட்டு பழுதாகும்போதெல்லாம் நம் துறைகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: “நகல் எடுத்து வைக்கவில்லையா?” நெறியாளர் கேட்பார். துறைத்தலைவர் கேட்பார். விடுதியில் பக்கத்து அறை நண்பர் கேட்பார். பழுதுபார்க்கும் கடைக்காரரும் கேட்பார். இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு எதிரானது. நகல் தேவையில்லை என்பது என் வாதமன்று. நகல் இல்லாத தரவு தரவே அன்று என்பதுதான் என் கட்சி. ஆனால் அக்கேள்வியைக் கேட்கும் தகுதி கேட்பவர்களுக்கு உண்டா என்பதை ஒருமுறை பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

மொழியியல் படித்த பழக்கத்தால் அந்தத் தொடரைச் சற்றுப் பிரித்துப் பார்க்கிறேன். ‘எடுத்து வை’ என்பதில் வரும் ‘வை’ ஒரு துணைவினை. பின்னால் உதவும் என்று கருதி ஒன்றை முன்னதாகவே செய்வதை அது குறிக்கும். சொல்லி வைத்தேன், எழுதி வைத்தார்கள், சேர்த்து வைத்தாள் என்பன போல. அதனோடு ‘இல்லையா’ சேரும்போது, முன்யோசனை இருந்திருக்க வேண்டும், அது இருக்கவில்லை என்னும் தீர்ப்பு கேள்விக்குள்ளேயே அமர்ந்துவிடுகிறது. தமிழில் எழுவாயை வெளிப்படச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. யார் எடுத்து வைத்திருக்க வேண்டும்? தொடர் அதைச் சொல்வதில்லை. இருந்தும், கேட்பவர் எல்லோரும் அந்த வெற்றிடத்தை ‘நீ’ என்றே நிரப்பிக்கொள்கிறார்கள். ‘துறை’ என்றோ ‘பல்கலைக்கழகம்’ என்றோ நிரப்பிப் பார்ப்பவர் எவரும் இல்லை. விடுபட்ட அந்த எழுவாயைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் பயில்வது விந்தியத்துக்கு வடக்கே உள்ள ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், இதைப் படிப்பவர்களில் பலர் தம் துறையின் பெயரை அந்த இடத்தில் எழுதிக்கொள்ள முடியும். என்னுடன் ஆய்வு செய்யும் தோழி ஒருவர், எழுத்து வழக்கில்லாத ஒரு முண்டா மொழியை நான்கு ஆண்டுகளாகப் பதிவு செய்துவந்தார். பதிவுகள் அனைத்தும் 2 டெராபைட் புறவன்தட்டு ஒன்றில் இருந்தன. ஒருநாள் கோப்புறை திறக்கப் பல நிமிடங்கள் ஆயின. துறையின் கணினி ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றார். இணைத்தவுடன், தட்டில் பிழை இருக்கிறது, சரிசெய்யலாமா என்று விண்டோஸ் கேட்டது. ஆய்வக உதவியாளர் ஆம் என்று அழுத்திவிட்டுப் போய்விட்டார். அந்த நிரல் இரவெல்லாம் ஓடியது. காலையில் ஊர்ப்பெயரும் நாளும் இட்டு அவர் அமைத்திருந்த கோப்புறைகள் இல்லை. வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட துண்டுக் கோப்புகள் ஒரு புதிய கோப்புறையில் குவிந்து கிடந்தன. மறுமுறை இணைத்தபோது தட்டு ‘டக்... டக்...’ என்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது. ஒரு நண்பர் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் ஓரிரவு வைக்கச் சொன்னார். வளாகத்துக்கு வெளியே உள்ள கடைக்காரர் மூடியையே திருகிக் கழற்றிப் பார்த்தார். கடைசியாகத் தரவு மீட்பு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பியபோது, தட்டின் பரப்பில் கீறல் விழுந்துவிட்டது, மீட்க ஒன்றுமில்லை என்று விடை வந்தது.

அடுத்த ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரி ஏறியது: தரவைப் பாதுகாப்பது ஆய்வாளரின் பொறுப்பு. அவ்வளவுதான். அந்த மொழியைப் பேசிய முதியவர்கள் இருவர் இந்த நான்கு ஆண்டுகளுக்குள் இறந்துவிட்டார்கள் என்பது குறிப்பில் ஏறவில்லை.

இந்த நிகழ்வில் வன்தட்டு பழுதானது இயல்பு. அதற்குப் பின் நடந்தவற்றில் எதுவும் இயல்பானதன்று. ஒவ்வொரு படியிலும் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு தவறு செய்தார். எந்தப் படியிலும் எவருக்கும் செய்யத்தக்கது இன்னது என்று தெரிந்திருக்கவில்லை. முனைவர் பட்டங்கள் நிறைந்த ஒரு கட்டடத்தில் இது எப்படி நேர்கிறது?

வன்தட்டு என்பது என்ன என்பதிலிருந்தே தொடங்குவோம். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் என்னும் முதல் வன்தட்டுக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளை. இன்று அதைப் போல் பல இலட்சம் மடங்கு உள்ளங்கைக்குள் அடங்குகிறது. அடக்கத்துக்கு ஒரு விலை உண்டு. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின் மேல், சில நானோமீட்டர் உயரத்தில், படிப்புமுனை மிதந்து செல்கிறது. மனிதத் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்று நினைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி எத்தகையது என்று விளங்கும். கடைக்காரர் மேசைமேல் மூடியைத் திறந்தபோது உள்ளே விழுந்த தூசி, அந்த முனைக்கு முன்னே குன்று. உறைநிலையில் வைத்து வெளியே எடுத்த தட்டின்மேல் படியும் ஈரமும் அப்படித்தான். இணையத்தில் பரவிக் கிடக்கும் இந்தக் கைவைத்தியங்களை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்குள் இன்னமும் பரிந்துரைக்கிறார்கள் என்பது வெட்கப்பட வேண்டிய செய்தி.

பழுது ஒருவகைப்பட்டதன்று. கோப்பு முறைமையின் அட்டவணை குலைவது ஒன்று. தட்டின் பரப்பில் சில செக்டார்கள் படிக்க இயலாதனவாவது மற்றொன்று. படிப்புமுனையோ மோட்டாரோ மின்சுற்றுப் பலகையோ கெடுவது மூன்றாவது. வெறும் யூ.எஸ்.பி. கம்பியின் கோளாறு நான்காவது. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சு. செக் டிஸ்க் முதல்வகைக்கு உரியது. அது கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்தும் நோக்கில் தட்டில் எழுதும். தொடர்பறுந்த பதிவுகளைத் துண்டுகளாக ஒதுக்கும். பரப்போ முனையோ நலிந்த தட்டில் அதை இரவெல்லாம் ஓட்டுவது, நெஞ்சுவலி வந்தவரை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வதற்கு ஒப்பானது.

எந்த வகை என்று அறிய வழி இருக்கிறது. ஏறக்குறைய எல்லா வன்தட்டுகளும் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைக்கின்றன. ஸ்மார்ட் எனப்படும் அந்தக் குறிப்பைப் படிக்க கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்ற இலவச நிரல்கள் போதும். அதில் 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்றிடம் தரப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. 197ஆம் எண், படிக்க முடியாமல் முடிவு தொங்கலில் நிற்கும் செக்டார்கள். 198ஆம் எண், சோதனையில் திருத்தவே இயலாதவை என்று கண்டவை. இவை சுழியமாக இருக்க வேண்டும். ஏறத் தொடங்கினால் தட்டை நம்பக் கூடாது. 199ஆம் எண் மட்டும் ஏறி மற்றவை அமைதியாக இருந்தால், தட்டைவிடக் கம்பியையும் இணைப்பையும் ஐயுறுவதே முறை. இத்தனையும் படித்து முடிக்க இரண்டு நிமிடம் ஆகாது. எங்கள் ஆய்வகத்தில் எவரும் படிக்கவில்லை.

ஆயினும் இந்தக் குறிப்பு சோதிடமன்று. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை வைத்து எழுதிய கட்டுரை இரண்டு உண்மைகளை ஒருங்கே சொல்கிறது. முதல் பரப்புப் பிழை தென்பட்ட தட்டு, பிழையே காட்டாத தட்டைவிட, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். அதே வேளையில், செயலிழந்த தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அறிகுறி வந்தால் அது மெய். வராவிட்டால் அதனால் எதுவும் மெய்ப்படாது. அதே ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் வெளியிட்ட கட்டுரை, உற்பத்தியாளர்கள் அச்சிடும் 10 இலட்சம் மணிநேரச் சராசரி ஆயுளை ஆராய்ந்தது. அந்தக் கணக்குப்படி ஆண்டுக்கு 0.88 விழுக்காட்டுக்கு மேல் தட்டுகள் பழுதாகக் கூடாது. அவர்கள் கண்டதோ, 2 முதல் 4 விழுக்காடு வரை மாற்றப்படுவது சாதாரணம், சில இடங்களில் 13 விழுக்காடு வரை.

இதன் பொருள் எளியது. ஐம்பது ஆய்வாளர்களும் ஐம்பது வன்தட்டுகளும் உள்ள துறையில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு தட்டுகள் சாகும். யாருடையது என்பது மட்டுமே தெரியாது. எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்த ஓர் இழப்பைத் தனி ஒருவரின் கவனக்குறைவு என்று எழுதுவது ஆய்வு மனப்பான்மைக்கே புறம்பானது.

இனி, பழுதின் அறிகுறி கண்டவுடன் செய்யத்தக்கது. தட்டில் எழுதுவதை உடனே நிறுத்த வேண்டும். வேறு கம்பி, வேறு துளை, வேறு கணினி என ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். ஸ்மார்ட் குறிப்பைப் படித்து எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். அடிக்கும் ஓசையோ உரசும் ஓசையோ கேட்டால் அக்கணமே மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதற்குப் பின் அது தூய்மை அறை உள்ள மீட்பு ஆய்வகத்தின் வேலை, நம் வேலையன்று. அதே மாதிரித் தட்டிலிருந்து மின்சுற்றுப் பலகையைக் கழற்றி மாட்டுவதும் இன்று பெரும்பாலும் பலிக்காது. அந்தந்தத் தட்டுக்கே உரிய அளவுத்திருத்தங்கள் அதனதன் பலகையில் பொதிந்துள்ளன.

ஓசை இல்லை, மெதுவாகப் படிக்கிறது என்றால், முதல் வேலை திருத்துவதன்று, படியெடுப்பது. டிடிரெஸ்க்யூ என்னும் இலவச நிரல் நலமாக உள்ள பகுதிகளை முதலில் விரைந்து படித்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே நிறுத்தினோம் என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால் இடையில் நின்றாலும் தொடரலாம். படியெடுக்கும் தட்டு மூலத்தட்டின் அளவோ அதைவிடப் பெரிதோ இருக்க வேண்டும். எது மூலம், எது படி என்பதைக் கட்டளை கொடுக்குமுன் இருமுறை சரிபார்க்க வேண்டும். மாறிப்போனால் வெற்றுத்தட்டு மூலத்தின்மேல் எழுதப்பட்டுவிடும். அதன்பின் திருத்தும் நிரலோ மீட்கும் நிரலோ எதுவாயினும் படியின்மேல் மட்டுமே ஓட வேண்டும், மூலத்தைத் தொடக் கூடாது. எஸ்.எஸ்.டி. என்றால் கணக்கே வேறு. ஓசை தராது, பல நேரங்களில் முன்னறிவிப்பின்றி ஒரேயடியாக மறையும். டிரிம் வசதி இயங்கும் தட்டில் தவறுதலாக அழித்த கோப்பு பெரும்பாலும் திரும்பாது.

இவ்வளவும் ஒரு வகுப்பில் சொல்லித்தரக் கூடியவை. ஆய்வு நெறிமுறை என்ற பெயரில் முனைவர் பட்ட மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் பாடம் படிக்கிறார்கள். மேற்கோள் எப்படித் தருவது, களவு எப்படித் தவிர்ப்பது, பொய் இதழ்களை எப்படி இனங்காண்பது என்று இரண்டு மதிப்பீட்டுப் புள்ளிக்கு அறநெறிப் பாடம் கட்டாயம். தரவைக் காப்பது எப்படி என்பதற்கு எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு மணிநேரம் இல்லை. கற்பிக்காத பாடத்தில் தேர்வு வைத்து, தோற்றவரைப் பழிக்கும் உரிமையை யார் தந்தது?

பணத்தைப் பற்றியும் பேசுவோம். நெட் தகுதி இன்றி மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்பவருக்கு மாத உதவித்தொகை 8,000 ரூபாய். இளநிலை ஆய்வு நல்கை பெறுபவருக்கு, கலை, சமூக அறிவியல் துறைகளில், முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சில்லறைச் செலவுத் தொகை ஆண்டுக்கு 10,000 ரூபாய். களப்பணிக்குப் போகும் பேருந்துக் கட்டணமும், நூல்களும், ஒளிநகலும், ஒலிவாங்கியும் இதற்குள் அடங்க வேண்டும். இரண்டாவது வன்தட்டு என்பது இந்தக் கணக்கில் ஒரு மாதச் சாப்பாட்டோடு போட்டியிடும் பொருள். அதையும் மீறி வாங்குபவர் வாங்குகிறார். வாங்கியவர் இரண்டையும் ஒரே பையில், ஒரே விடுதி அறையில் வைக்கிறார். வேறு இடம் எது? திருட்டுக்கும் தீக்கும் மழைநீருக்கும் அவை இரண்டல்ல, ஒன்றே. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய 3-2-1 விதியை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள்: மூன்று படிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். அந்த ‘வேறிடம்’ எங்கே என்று கேட்டால் மட்டும் மௌனம்.

மேகச் சேமிப்பு இருக்கிறதே என்பார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இருதட ஒலிப்பதிவு ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிகாபைட். காணொளி என்றால் பன்மடங்கு. அலைபேசியில் பேசவே பாறைமேல் ஏற வேண்டிய ஊரிலிருந்து அதை ஏற்றிப் பார்க்கட்டும். பல்கலைக்கழகக் கணக்குகளில் கூகுள் தந்துவந்த வரம்பற்ற இடமும் 2022 முதல் நிறுவனம் முழுவதற்கும் பொதுவான ஒரு வரம்புக்குள் சுருங்கிவிட்டது. படிப்பு முடிந்தால் மின்னஞ்சல் கணக்கு மூடப்படும்; அதோடு உள்ளிருப்பவையும் போகும். மேலும், ஒத்திசைவு வேறு, படி வேறு. கணினியில் அழித்தது மேகத்திலும் அழியும் ஏற்பாட்டைக் காப்பகம் என்று சொல்ல முடியாது.

“எங்கள் காலத்தில் ஒலிநாடாக்களை அலமாரியில் வைத்தோம், இன்றும் இருக்கின்றன” என்று சொல்லும் மூத்த பேராசிரியர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த அலமாரியைத் திறந்து கடைசியாக ஒரு நாடாவைக் கேட்டது எப்போது? ஓட்டுவதற்குக் கருவி உண்டா? நாடா தேயும்போது இரைச்சல் கூடும், குரல் மங்கும், ஆனாலும் கேட்கும். அது நம்மை எச்சரித்துக்கொண்டே முதுமை அடைகிறது. வன்தட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஓலைச்சுவடியின் கதையும் நமக்குத் தெரியாததன்று. ஓலை சில நூற்றாண்டுகளில் இற்றுவிடும். ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள பாடல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்ததற்கு ஓலையின் வலிமை காரணமன்று. தலைமுறைதோறும் எவரோ உட்கார்ந்து பெயர்த்து எழுதினார்கள். அந்தப் பெயர்த்தெழுதும் வேலைக்கு மடங்களும் புரவலர்களும் பொறுப்பேற்றார்கள். கரையான் தின்ற ஏடுகளுக்காகக் கருத்தரங்குதோறும் கண்ணீர் சிந்தும் நாம், நம் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இந்த ஆண்டு இறக்கப்போகும் தட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

நிறுவனத்துக்குப் படி எடுத்து வைக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. ஆய்வேட்டைப் பாருங்கள். கெட்டி அட்டை கட்டி, பொன்னெழுத்துப் பொறித்து, நூலகத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, நெறியாளருக்கு ஒன்று, தேர்வாளர்களுக்குத் தனித்தனியே என்று படிகள் கேட்கிறார்கள். மின்வடிவத்தைக் காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்காவில் ஏற்றாமல் பட்டம் வராது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி அது. நல்ல விதி. ஆனால் அந்த ஆய்வேடு எதை ஆதாரமாகக் கொண்டு நிற்கிறதோ, அந்த ஒலிப்பதிவுகளுக்கு ஒரு படிகூட எவரும் கேட்பதில்லை. கட்டுரைக்கு ஆறு படி, சான்றுக்குச் சுழியம். வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாள் அந்த வன்தட்டு எங்கே போகிறது என்று கேட்கும் படிவம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

இழப்பின் அளவை உணர ஒரு புள்ளிவிவரம் போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 121 மொழிகளைப் பெயர் சொல்லி வெளியிட்டது. 10,000 பேருக்குக் குறைவானவர்கள் பேசும் மொழிகள் அந்தப் பட்டியலில் தனிப்பெயர் பெறுவதில்லை. ‘பிற’ என்னும் தலைப்பின் கீழ் கரைந்துவிடுகின்றன. அத்தகைய மொழிகளுக்கென்றே 2013இல் மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் வழியாக ஒரு பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால் அந்தத் திட்டத்துக்கு வெளியே தனித்தனியாக அலையும் முனைவர் பட்ட ஆய்வாளர்களே பல ஊர்களுக்கு முதன்முதலில் ஒலிவாங்கியோடு போகிறவர்கள். அங்கே பதிவாகும் ஒரு கதைக்கு, ஒரு ஒப்பாரிக்கு, ஒரு செடியின் பெயருக்கு உலகத்தில் இருக்கும் ஒரே சான்று அந்தப் புறவன்தட்டாக இருக்கக்கூடும்.

அந்தமானில் போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 சனவரியில் இறந்தார். அன்விதா அப்பி செய்த பதிவுகளில் அவர் குரல் இன்றும் கேட்கிறது. அந்த ஆய்வுக்கு உதவியது போன்ற அயல்நாட்டு நல்கைகள், பதிவுகளைக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே விதிக்கின்றன. இலண்டனில் தொடங்கி இன்று பெர்லினில் இயங்கும் அழிநிலை மொழிகள் காப்பகம் இப்படித்தான் வளர்ந்தது. அதாவது, இந்திய ஊர் ஒன்றில் பதிவான குரல், அயல்நாட்டுப் பணத்தில் பதிவானால் வாழும். இந்திய நல்கையில் பதிவானால் ஆய்வாளரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மொழிப்பற்று குறித்து மேடையேறிப் பேசுபவர்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

பெரிய நிறுவனங்களும் தரவை இழக்கின்றனவே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில், காப்புப்படி எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பிரேசில் பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் சாம்பலாயின. ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். கியோட்டோவில் எத்தனை குழுக்களின் எத்தனை கோப்புகள் போயின என்று பல்கலைக்கழகமே அறிவித்தது. ரியோவில் போனதற்கு உலகமே அழுதது. அங்கே இழப்பு நிறுவனத்தின் இழப்பாக ஏற்கப்பட்டது. இங்கே அது ஒரு மாணவியின் கவனக்குறைவாகக் குறிப்பேட்டில் முடிகிறது. ஒப்புக்கொள்ளப்படாத இழப்பிலிருந்து எந்த நிறுவனமும் எதையும் கற்பதில்லை.

என் வாதத்தின் மையம் இதுவே. களத்தில் நாங்கள் ஒவ்வொரு தகவலாளரிடமும் இசைவுப் படிவம் ஒன்றில் கையொப்பமோ கைரேகையோ வாங்குகிறோம். அந்தப் படிவத்தின் தலைப்பில் இருப்பது ஆய்வாளரின் பெயரன்று, பல்கலைக்கழகத்தின் முத்திரை. அதன் வாசகத்தை அறநெறிக் குழு சரிபார்த்து ஒப்பம் தந்திருக்கிறது. உங்கள் குரலும் மொழியும் பாதுகாக்கப்படும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று அது வாக்களிக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டியிடம் அதை உரக்கப் படித்துக்காட்டி, அவர் கட்டைவிரலை மையில் ஒற்றி எடுக்கிறோம். வாக்குக் கொடுத்தது பல்கலைக்கழகம். அதைக் காப்பாற்றும் சுமை மட்டும் 8,000 ரூபாய் வாங்கும் மாணவிக்கு. தட்டு செத்த அன்று முறிந்தது அவரது தனிச்சொத்து அன்று, நிறுவனத்தின் வாக்கு. அந்தப் பாட்டியின் ஊருக்குத் திரும்பிப் போய்ச் செய்தி சொல்லும் பொறுப்பையும் துறை அவர்மேலேயே சுமத்தியிருக்கிறது.

கேட்பது பெரிதன்று. ஆறு மாதத்துக்கொருமுறை கூடும் ஆய்வு ஆலோசனைக் குழு, எத்தனை இயல் எழுதினாய் என்று கேட்கும்போதே, தரவின் ஒவ்வொரு படியிலிருந்தும் ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து காட்டச் சொல்லட்டும். திறந்து பார்க்காத படி படியன்று. துறை ஒவ்வொன்றும் சேமிப்புக் கருவி ஒன்றை வாங்கி, அதன் மறுபடியை வேறொரு கட்டடத்தில் வைக்கட்டும். கணக்கு மிரட்டுவதன்று: ஆளுக்கு 200 மணிநேரம் ஒலிப்பதிவு என்றால் இருபது ஆய்வாளர்களுக்கு 4 டெராபைட். ஒரு கருத்தரங்கின் மேடை அலங்காரமும் பொன்னாடையும் நினைவுப் பரிசும் சேர்ந்தால் அந்தச் செலவைத் தாண்டும். நெறிமுறைப் பாடத்தில் இரண்டு மணிநேரம் தரவுப் பாதுகாப்புக்கு ஒதுக்கட்டும்; ஆய்வக உதவியாளருக்கும் அந்த வகுப்பில் இடம் வேண்டும். பழுதான தட்டை முதல்நாளே மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்ப ஒரு சிறு நிதி இருக்கட்டும். தகவலாளர் விதித்த கட்டுப்பாடுகளோடு பதிவுகளை ஒப்படைக்காமல் ஆய்வேட்டை ஏற்கலாகாது என்று மானியக் குழுவின் விதியில் ஒரு வரி சேரட்டும். சோத்கங்காவுக்கு முடிந்தது இதற்கும் முடியும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். இந்த விதிகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே ஸ்மார்ட் குறிப்பைப் படியுங்கள். 5, 197, 198 ஆகியவற்றில் ஏதேனும் ஓர் எண் சுழியத்தைத் தாண்டியிருந்தால் இன்றிரவே படியெடுங்கள். இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் படியை மற்றவர் அறையில் வையுங்கள். தகவலாளரின் இசைவு அதற்கு இடந்தருமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், தேவையானால் கடவுச்சொல் இட்டுப் பூட்டுங்கள். ஆனால் இதை உங்கள் சாமர்த்தியம் என்று எண்ணி அமைதியடையாதீர்கள். செய்ய வேண்டியவர்கள் செய்யாததை நீங்கள் செய்கிறீர்கள். அதை எழுத்தில் கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

எங்கள் துறையில் வரும் கூட்டத்துக்கான விண்ணப்பத்தில் மேற்கண்ட ஐந்து கோரிக்கைகளையும் எழுதியிருக்கிறோம். இதுவரை பதினோரு பேர் ஒப்பமிட்டிருக்கிறோம். முதல் ஒப்பம் தட்டை இழந்த தோழியுடையது. உங்கள் துறைக்கேற்ப மாற்றி நீங்களும் கொடுங்கள். பேராசிரியர்கள் எவரேனும் இதைப் படித்து, பழக்கத்தால் “நகல் எடுத்து வைக்கவில்லையா?” என்று கேட்க வாயெடுத்தால், எழுவாயைச் சேர்த்தே கேளுங்கள்: துறை நகல் எடுத்து வைக்கவில்லையா? அதற்கான விடையைக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள்.